தத்தும் குடியுரிமையும்: உறவினர் வீட்டில் வளரும் அகதிக் குழந்தையின் சட்ட நிலை, கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

இந்தியக் குடியுரிமை பெற்ற ஒரு பெண், இலங்கையிலிருந்து அகதியாக வந்து முகாமில் வாழும் தன் தங்கையின் பிள்ளையைத் தத்தெடுக்கலாமா? எடுத்தால் அந்தப் பிள்ளை இந்தியக் குடியுரிமை பெறுமா? பேச்சுவழக்கில் இவை ஒரே கேள்வியாகக் கலந்துவிடுகின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவானதும் பிள்ளை எல்லா வகையிலும் இந்தியப் பிள்ளையாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கலப்பிலிருந்தே பிறக்கிறது. சட்டமோ இரண்டையும் வேறு வேறு அறைகளில் வைத்திருக்கிறது. தத்து, யார் பெற்றோர் என்பதை முடிவு செய்கிறது. குடியுரிமைச் சட்டம், எந்த நாடு தன் பிள்ளை என்று ஏற்கிறது என்பதை முடிவு செய்கிறது. முதலாவது கிடைத்தும் இரண்டாவது கிடைக்காமல் போகலாம். இந்த இடைவெளியை அடைக்கப் புதிய சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டமே போதும் என்பதும், அப்படி அடைக்கும்போது தத்தைக் குடியுரிமைக்கான விலையாக மாற்றிவிடக் கூடாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரே உறவு, இரு தாள்கள்

மதுரை மாவட்டத்திலிருந்து 1996-இல் பிரிந்தது தேனி மாவட்டம். அதன் தெற்கு முனையில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் நடுவே, முல்லைப் பெரியாற்று நீரில் நெல்லும் திராட்சையும் விளையும் நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. இங்கிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்கள் வேலைக்குச் செல்வது இன்றும் அன்றாட வழக்கம். தோட்ட வேலைக்காக எல்லை தாண்டுவது இப்பகுதிக்கு அதைவிடப் பழைய பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணி முறையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சென்ற பகுதிகளில் மதுரைச் சீமையும் ஒன்று. அப்படிச் சென்றவர்களின் சந்ததியினரை, விடுதலை பெற்ற இலங்கை, 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் கதியை எண்ணிக்கையில் பேசியது. இந்தியா 5,25,000 பேரையும் இலங்கை 3,00,000 பேரையும் ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. 1974-இல் அந்த மீதியையும் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

இந்தப் பங்கீடு ஆட்களின் தலையை எண்ணியதே தவிர, குடும்பங்களை எண்ணவில்லை என்பதே இங்கு முக்கியம். விண்ணப்பம் தனித்தனியே கொடுக்கப்பட்டது. ஆகவே ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் அக்காள் இந்தியக் கடவுச்சீட்டோடு 'தாயகம் திரும்பியவர்' என்று வந்து சேரவும், தங்கை இலங்கையிலேயே தங்கவும் அதில் இடமிருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், இலங்கைப் போரின் ஒவ்வொரு கட்டத்திலும் படகேறி வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில், தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர்களும் உண்டு. கப்பலில் வந்த அக்காள் குடிமகள்; படகில் வந்த தங்கை அகதி. இருவரும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட ஒரே பாட்டனின் பேத்திகள். 2021 முதல் இம்முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு அழைக்கிறது. பெயர் மாறிற்று; ஆனால் முகாமில் வாழ்பவரின் குடியுரிமை நிலை ஒன்றிய அரசின் கையில் இருப்பதால் அது மாறவில்லை.

இந்தப் பின்னணியில், உறவினர் பிள்ளையை எடுத்து வளர்ப்பது எல்லை தாண்டிய தத்து என்று அந்தக் குடும்பத்தாருக்குத் தோன்றுவதில்லை. பிள்ளையில்லாத பெரியம்மா வீட்டில் தங்கச்சி பிள்ளை வளர்வதும், தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாய்மாமன் தூக்கிச் சுமப்பதும் இவ்வட்டாரத்தில் பேச்சுக்குரிய செய்தியே அல்ல. முகாமில் தகப்பன் இறந்தோ, திரும்பிப் போயோ, கடல்வழி வேறு நாட்டுக்குச் சென்றோ விட்ட வீடுகளில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். உறவு முறைப்படி இயல்பான இச்செயல் சட்டப்படி எத்தனை வாசல்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தத்தின் இரு வழிகள்

முதல் வழி 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். தத்துப் போகும் பிள்ளைக்கு அதன் பத்தாம் பிரிவு நான்கு தகுதிகளைக் கேட்கிறது. பிள்ளை இந்துவாக இருக்க வேண்டும். முன்பே தத்துப் போயிருக்கக் கூடாது. வேறு வழக்காறு இல்லாவிட்டால் திருமணம் ஆகியிருக்கக் கூடாது; பதினைந்து வயது நிறைந்திருக்கவும் கூடாது. நாட்டுரிமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முகாமில் பிறந்த இந்துக் குழந்தையை இந்துவான இந்தியக் குடிமகன் தத்தெடுக்க இச்சட்டம் தன்னளவில் தடை போடவில்லை என்று கொள்வதே நேரான வாசிப்பு. பழைய சாத்திர விதி இருபிறப்பாளர் வகுப்புகளில் சகோதரியின் மகனைத் தத்தெடுப்பதை விலக்கியது. தென்னாட்டு வழக்காறு அதைப் பல இடங்களில் ஏற்கவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலக்கையே எடுத்துவிட்டது.

ஆனால் வேறு கண்ணிகள் உள்ளன. மகன் இருப்பவர் மகனையும், மகள் இருப்பவர் மகளையும் தத்தெடுக்க முடியாது. தத்தெடுப்பவரும் பிள்ளையும் எதிர்ப்பாலாக இருந்தால் இருபத்தோரு வயது இடைவெளி வேண்டும். பெற்றோரில் ஒருவர் தத்துக் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். துறவு, மதமாற்றம், நீதிமன்றம் அறிவித்த மனநலக் குறைவு ஆகியவை மட்டுமே அந்தச் சம்மதத்திலிருந்து விலக்குத் தருகின்றன. தகப்பன் எங்கே இருக்கிறார் என்று தெரியாதது விலக்குக் காரணங்களில் இல்லை. போரும் கடலும் சிதறடித்த குடும்பங்களுக்கு இந்த ஒரு நிபந்தனையே பெருந்தடையாகிறது. பெற்றோர் இருவரும் இறந்துவிட்டாலோ பிள்ளையைக் கைவிட்டுவிட்டாலோ, பாதுகாவலர் நீதிமன்ற அனுமதியோடு தத்துக் கொடுக்கலாம். பிள்ளையைக் கொடுப்பதும் வாங்குவதும் உண்மையில் நடந்திருக்க வேண்டும். இருதரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து முறையாக நடந்தது என்று பதினாறாம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். பத்திரம் ஆதாரம் மட்டுமே. தத்தை உண்டாக்குவது கொடுத்து வாங்கிய செயல்.

பன்னிரண்டாம் பிரிவின் விளைவையும் இங்கே எடைபோட வேண்டும். தத்து நாள் முதல் பிள்ளை எல்லா நோக்கங்களுக்கும் தத்துப் பெற்றோரின் பிள்ளை. பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும். ஆனால் பிறந்த வீட்டில் யாரை மணக்க முடியாதோ அவரைப் பின்னரும் மணக்க முடியாது. அக்காள் மகனைத் தாய்மாமன் தத்தெடுத்தால், அதுவரை முறைப்பெண்ணாக இருந்த மாமன் மகள் தங்கையாகிவிடுகிறாள். முறை பார்த்துப் பெண் கொடுத்து வாங்கும் சமூகத்தில் இது சிறிய மாற்றம் அல்ல. தத்து என்பது ஒரு தாளைப் பெறுவதற்கான வழியாக மட்டும் எடுக்கப்பட்டால் அது மாற்றிவைப்பது எவ்வளவு என்பதற்கு இது ஒரு சான்று.

இந்து அல்லாதாருக்கு இந்த வழி மூடியே இருக்கிறது. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ராவுத்தர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். இராயப்பன்பட்டி கத்தோலிக்க ஊர். இவர்களுக்கு உள்ள வழி 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மத வேறுபாடின்றி உறவினர் பிள்ளையை உறவினர் தத்தெடுக்கலாம் என்று அதன் 56-ஆம் பிரிவு சொல்கிறது. மகன் இருந்தால் மகனை எடுக்கக் கூடாது என்ற தடையும் அதில் இல்லை. ஆனால் 'உறவினர்' என்பதற்கு அச்சட்டம் தரும் எல்லை குறுகியது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இருவழித் தாத்தா பாட்டி ஆகியோரோடு வரையறை நின்றுவிடுகிறது. கூடப் பிறந்த அக்காளோ, ஒன்றுவிட்ட உறவோ அதற்குள் வராது. போரில் பெற்றோரை இழந்த தம்பியை வளர்க்கும் மூத்த அக்காள் இவ்வரையறைப்படி உறவினரே அல்லர்.

இந்த இரண்டாம் வழியில் 2025 ஜூலையில் பெரிய தடை ஒன்று எழுந்தது. அமெரிக்காவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உறவினர் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பிய இந்தியத் தம்பதியின் மனுவை மும்பை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவோ சட்டத்தோடு முரண்பட்ட குழந்தையாகவோ இல்லாத ஒரு வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க இளைஞர் நீதிச் சட்டமும் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் இடம் தரவில்லை என்றும், அத்தகைய தத்து அடிப்படை உரிமை அல்ல என்றும் அது கூறியது. அந்தத் தீர்ப்பின் குழந்தைக்கு ஒரு நாடும் அதன் கடவுச்சீட்டும் இருந்தன. முகாம் குழந்தைக்கு இவை இல்லாமல் போகலாம். ஆதரவற்ற முகாம் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று அறிவிக்க முடியும் என்பதால், அந்தத் தீர்ப்பின் தர்க்கமே இங்கு வழிவிடுகிறது என்று வாதிடலாம். தாய் தகப்பன் உயிரோடு முகாமில் இருக்கும் குழந்தைக்கு அந்த வாதம் எடுபடாது.

தத்து தராதது எது

இனி இரண்டாம் கேள்வி. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பிறப்புரிமையைப் படிப்படியாகச் சுருக்கிவந்திருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் குடிமக்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். அந்த நாளுக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவருக்கு ஒருவர் குடிமகனாக இருப்பதோடு, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆக இல்லாமலும் இருக்க வேண்டும். செல்லத்தக்க ஆவணமின்றி உள்ளே வந்த வெளிநாட்டவர் சட்டவிரோதக் குடியேறி என்கிறது வரையறை. படகில் வந்த முகாம்வாசியை மணந்த உள்ளூர்க்காரரின் சொந்தப் பிள்ளையே இந்த விதியால் பிறப்புக் குடியுரிமையை இழக்க நேரிடுகிறது. பெற்ற பிள்ளைக்கே கிடைக்காதது தத்துப் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவரை இந்த வரையறையிலிருந்து விடுவித்தது. இலங்கை அதில் இல்லை. தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் அத்திருத்தத்துக்கு எதிராகத் தீர்மானம் இயற்றியது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் பிறந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9-க்குள் தஞ்சம் புகுந்த பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அது நல்ல அடி. ஆயினும் அது தண்டனையை நீக்குகிறது. குடியுரிமைச் சட்டத்தின் வரையறையைத் திருத்தவில்லை. மேலும் அந்த விலக்கு பதிவை நம்பி நிற்கிறது. உறவினர் வீட்டில் வளர்வதற்காக முகாமை விட்டு வந்த பிள்ளையின் பெயர் கணக்கெடுப்பில் விடுபட்டுப்போனால், இருக்கும் ஒரே பாதுகாப்பும் தளர்ந்துவிடும் ஆபத்து உண்டு. பிள்ளையை வளர்க்க எடுத்த உறவினர் செய்யும் முதல் காரியமே பிள்ளையின் நிலையைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பது இந்த அமைப்பின் கொடிய முரண்.

குடியுரிமையில்லாத் தத்தின் விளைவு பள்ளத்தாக்கில் நிலத்தில் தெரியும். பிள்ளையில்லாதவர் தத்தெடுக்கும் காரணங்களில் சொத்துக்கு வாரிசு வேண்டும் என்பது முதன்மையானது. ஆனால் இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் அசையாச் சொத்தைப் பெற முடியாது என்று அந்நியச் செலாவணி விதிகள் சொல்கின்றன. ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகை மட்டுமே விலக்கு. தத்துப் பிள்ளை வாரிசு என்று ஒரு சட்டம் சொல்ல, அந்த நிலத்தின் பட்டாவை நோக்கிப் போகும் வழியில் வேறொரு விதி கேள்வி எழுப்புகிறது. அதே பிள்ளை வாக்களிக்கவோ, இந்தியக் கடவுச்சீட்டு பெறவோ முடியாது. ஆதார் அட்டை இருக்கலாம். அது வசிப்பிட அடையாளமே, குடியுரிமைச் சான்று அல்ல. பிறப்புச் சான்றிதழில் தத்துப் பெற்றோரின் பெயர் ஏறலாம். அதுவும் பிறந்த இடத்தைச் சொல்லுமே தவிர, நாட்டைச் சொல்லாது.

ஒரே அலுவலகத்தில் இரு கோப்புகள்

தீர்வு எங்கே இருக்கிறது? குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவிலேயே இரண்டு கதவுகள் உள்ளன. ஐந்து (1)(ஈ) குடிமக்களின் பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளைப் பதிவு செய்ய இடம் தருகிறது. அதற்குரிய தடை, விண்ணப்பதாரர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்பது. அந்த வரையறை இந்தியாவுக்குள் 'வந்த' வெளிநாட்டவரைப் பற்றியது. தேனியிலோ மண்டபத்திலோ மருத்துவமனையில் பிறந்த குழந்தை எங்கிருந்தும் உள்ளே வரவில்லை. பெற்றோர் வந்த விதத்தைக் குழந்தையின் மேல் ஏற்றிச் சொல்லச் சட்டம் நினைத்திருந்தால், பிறப்புக் குடியுரிமைப் பிரிவில் செய்ததுபோல இங்கும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கும். தத்துப் பிள்ளை எல்லா நோக்கங்களுக்கும் தத்துப் பெற்றோரின் பிள்ளை என்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களோடு இதைச் சேர்த்துப் படித்தால், இந்திய மண்ணில் பிறந்து இந்தியரால் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு இக்கதவு திறந்தே இருக்கிறது. அரசு இதற்கு எதிரான வாசிப்பை முன்வைக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'பிள்ளை' என்பதில் தத்துப் பிள்ளையும் அடங்கும் என்று குடியுரிமைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அதனால்தான் இரண்டாம் கதவு முக்கியமாகிறது. சிறப்புச் சூழ்நிலைகள் இருப்பதாக ஒன்றிய அரசு கருதினால் 'எந்த' இளையரையும் குடிமகனாகப் பதியலாம் என்கிறது ஐந்து (4). 2003-இல் இயற்றிய திருத்தம் சட்டவிரோதக் குடியேறிக்கான தடையை ஐந்து (1)-இலும், குடியுரிமை வழங்கலைப் பற்றிய ஆறாம் பிரிவிலும் செருகியது. ஐந்து (4)-ஐத் தொடவில்லை. கைக்குழந்தையாகப் படகில் வந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். உறவினர் தத்து, பெற்றோரின்மை, இந்திய வம்சாவழி, இங்கேயே நிகழ்ந்த பள்ளிக் கல்வி ஆகியவை ஒன்றுசேரும் இடம் சிறப்புச் சூழ்நிலை இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்?

நடைமுறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தபின், இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். குடியுரிமை விதிகளின்படி பதிவு விண்ணப்பம் செல்வதும் அவரிடமே. முகாம் நிர்வாகமும் வருவாய்த் துறை வழியாக அவர் பொறுப்பில்தான். குடும்பம் உண்மையானதா, பிள்ளை எங்கே வளர்கிறது, வளர்ப்பவர் தகுதியுள்ளவரா என்று ஒரு கோப்புக்காக விசாரிக்கும் அதே அலுவலகம், இன்னொரு கோப்பில் அந்தப் பிள்ளையை அறியாததுபோல் இருக்கிறது. தத்து ஆணையோடு ஐந்து (4) பரிந்துரையையும் சேர்த்து அனுப்ப ஓர் அரசாணை போதும். இன்னும் ஒரு படி மேலே செல்லவும் முன்மாதிரி உண்டு. 2021 மே மாதம் ஒன்றிய அரசு, குஜராத், இராஜஸ்தான், சத்தீஸ்கர், ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களின் 13 மாவட்ட ஆட்சியர்களுக்குப் பதினாறாம் பிரிவின் கீழ் சில அயல்நாட்டுச் சிறுபான்மையினரைக் குடிமக்களாகப் பதியும் அதிகாரத்தை ஒப்படைத்தது. அங்கே ஒப்படைக்க முடிந்த அதிகாரத்தை, தமிழக முகாம் மாவட்டங்களில் தத்துப் பிள்ளைகள் என்ற குறுகிய வகைக்கு ஒப்படைப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. காலம் இங்கே தனிக் காரணி. இந்துச் சட்டத்தில் தத்துக்குப் பதினைந்து வயது எல்லை. ஐந்தாம் பிரிவின் இவ்விரு கதவுகளுக்கும் பதினெட்டு. கோப்பு உறங்கினால் பிள்ளை வளர்ந்துவிடும். வளர்ந்தபின் இக்கதவுகள் திறக்கா.

மறுப்புகளும் மறுமொழிகளும்

முதல் மறுப்பு: இப்படிச் செய்தால் குடியுரிமைக்காகவே போலித் தத்துகள் பெருகும். இந்த அச்சம் நியாயமானது, பிற நாடுகளும் எதிர்கொண்டது. ஜமைக்காவிலிருந்து பாட்டி, தாத்தாவைப் பார்க்க வந்த சிறுமியை அவர்களே தத்தெடுக்கலாமா என்ற வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1999-இல் தத்து ஆணையை நிலைநிறுத்தியது. பிரிட்டனில் குடிமகன் எடுக்கும் தத்து பிள்ளைக்குக் குடியுரிமையையும் கூடவே தருகிறது. பிள்ளைப் பருவத்தில் கிடைக்கும் உண்மையான நலன்களை நீதிமன்றம் கணக்கில் கொள்ள வேண்டும்; குடியேற்றத் தடையைத் தாண்டும் வசதிக்காக மட்டும் எடுக்கப்படும் தத்தை மறுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் வழி. அமெரிக்கா வேறு வழியில் காத்துக்கொள்கிறது: பதினாறு வயதுக்குள் தத்து, இரண்டாண்டு உடன்வாழ்வு, பாதுகாவல் என்று நிபந்தனை வைக்கிறது. அங்கேயும் ஆவணமின்றி நுழைந்ததைத் தத்து மட்டுமே சரிசெய்துவிடாது. இந்தியாவும் இரண்டாண்டு உடன்வாழ்வையும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வீட்டு ஆய்வையும் நிபந்தனையாக்கலாம். தானாகக் கிடைக்கும் குடியுரிமையை இக்கட்டுரை கேட்கவில்லை. தனித்தனியாக ஆராயும் விருப்புரிமையை முறையாகப் பயன்படுத்தச் சொல்கிறது.

இரண்டாம் மறுப்பு: குடியேற்றம் நாட்டின் இறையாண்மை சார்ந்தது; தஞ்சம் கேட்கும் எல்லாருக்கும் இந்தியா சத்திரம் அல்ல. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்ட கருத்தும் இதையொட்டியதே. ஆனால் அந்த வழக்கு தண்டனை பெற்ற ஒரு வயதுவந்தவரின் நாடுகடத்தல் பற்றியது. பிள்ளை தன் வருகையைத் தீர்மானிக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1982-இல், பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தபோது இந்த வேறுபாட்டையே பற்றிக்கொண்டது. அரசே தண்டனையிலிருந்து விலக்கிய, பதிவேட்டில் பெயர் உள்ள, எண்ணி முடிக்கக்கூடிய ஒரு வகையினரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டுரிமை பெறும் உரிமை உண்டு என்று அதன் ஏழாம் பிரிவு சொல்கிறது.

மூன்றாம் மறுப்பு: இக்குழந்தைகள் இலங்கைக் குடிமக்கள்தானே, அங்கே செல்லட்டும். இது பாதி உண்மை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்தால்தான் இலங்கையின் வம்சாவழிக் குடியுரிமை உறுதிப்படும். பதியாத பிள்ளைக்கு அந்த நாடும் கைவசம் இல்லை. திரும்ப விரும்பும் குடும்பத்துக்கு அப்பதிவு எளிதாக வேண்டும். இந்தியாவில் இந்திய உறவினர் வீட்டில் வளரும் பிள்ளையை, அது பார்த்திராத மண்ணுக்கு அனுப்புவதற்குக் குழந்தை நலன் சார்ந்த காரணம் எதுவும் சொல்ல முடியாது.

நான்காம் மறுப்பே வலுவானது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்குக் குடியுரிமை எளிதானால், முகாமில் உள்ள தாய்மார் தங்கள் பிள்ளைகளை வசதியுள்ள உறவினருக்குத் தாரைவார்க்க மறைமுகமாக நெருக்கப்படுவார்களே? பிறந்த வீட்டு உறவை அறுத்தால்தான் நாடு கிடைக்கும் என்பது தாய்க்கு விதிக்கப்படும் அநியாய வரி. இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் ஐந்து (4)-ஐ முன்வைக்கிறேன். அதற்குத் தத்து ஒரு முன்நிபந்தனை அல்ல. அது 'எந்த இளையரையும்' பற்றிப் பேசுகிறது. தத்துப் பிள்ளைக்குப் பரிந்துரைக்கும் அதே ஆட்சியர், தாயோடு முகாமில் வளரும் பிள்ளைக்கும் பரிந்துரைக்கலாம், பரிந்துரைக்க வேண்டும். கோட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 மனுதாரர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை ஆராயுமாறு மதுரைக் கிளை 2019 ஜூனில் கூறியது. பெரியவர்களின் விண்ணப்பத்துக்கும் மனிதநேய ஆய்வு உரியது என்பதை அது உணர்த்துகிறது. பெற்றோர் உயிரோடு இருந்து, பிள்ளையை வளர்க்கவும் விரும்பினால், உறவினரின் துணைக்குத் தத்து தேவையே இல்லை. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், பிறந்த வீட்டு உறவைத் துண்டிக்காமல், பள்ளியிலும் மருத்துவமனையிலும் கையெழுத்திடும் அதிகாரத்தை மாமனுக்கோ பெரியம்மாவுக்கோ தர முடியும். நாட்டுரிமை அதற்குத் தடை அல்ல. மதமும் தடை அல்ல. பள்ளத்தாக்கின் ராவுத்தர், கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் அது உடனே பயன்படும்.

முடிவுரை

உறவினர் பிள்ளையை எடுத்து வளர்க்கும் குடும்பம், எடுத்த எடுப்பில் தத்துப் பத்திரத்தை நோக்கி ஓடுவதற்கு முன் மூன்று செயல்களைச் செய்வது நலம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் முகாம் பதிவையும் காக்க வேண்டும். பெற்றோர் இருந்தால் பாதுகாவலர் ஆணை பெற வேண்டும். பெற்றோர் இல்லாமல் தத்து அவசியமானால், பதினைந்து வயதுக்கு முன் அதை முறையாக முடித்து, அதே மாதத்திலேயே ஐந்தாம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பம் செய்யக்கூடியது இவ்வளவே. எஞ்சியது அரசின் கடமை. தமிழக அரசு தத்துக் கோப்பையும் குடியுரிமைக் கோப்பையும் இணைக்கும் ஆணையைப் பிறப்பிக்கட்டும். 'உறவினர்' வரையறையில் உடன்பிறந்தவரைச் சேர்க்கவும், ஐந்து (4)-ஐச் செயல்படுத்தும் அதிகாரத்தை முகாம் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒப்படைக்கவும் ஒன்றிய அரசு முன்வரட்டும். 1964-இல் இரு அரசுகள் குடும்பங்களை எண்ணாமல் தலைகளைப் பங்கிட்டன. அந்தப் பிழையின் சுமையை மூன்றாம் தலைமுறைப் பிள்ளையின் தோளில் ஏற்றி வைத்திருப்பதற்கு இந்தியச் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை.